போயா நாளில் போட்ட கான்கிரீட்

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் பீலிக்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முழுநிலா நாளான போயாவுக்கு விடுமுறை. கந்தோர் பூட்டு. அடுத்த நாள் சனி, அதற்கடுத்தது ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில், வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் கொண்டுபோய்க் கல்லின் மேல் குவித்திருந்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. சவர்க்கார நுரையோடு எடுத்துக் காதில் வைத்தால், கலை மதினி.

"மதினி, சைட்ல ஒரு ஆளையும் காணோம். கொத்தனார் பாஸ் வரல, கையாளுங்க வரல. வாச்சர் மட்டும் வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, சாவிய எங்கிட்ட குடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. என்னாச்சுங்க?"

"இன்னிக்குப் போயா மதினி."

"தெரியும். அதுக்கென்ன?"

எனக்குக் கையிலிருந்த விரிப்பு நழுவித் தண்ணீரில் போனது. "குழி?" என்றேன்.

"தெறந்துதான் கெடக்கு. இன்னிக்குக் கான்கிரீட் போடலாம்னுதானே நேத்து வெட்டுனோம்."

இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அன்றைக்கு விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

கடல் தாண்டி வந்த இன்ஜினியர்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு பியதாச முதலாளியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவருடைய கட்டட ஒப்பந்தக் கந்தோர். அங்கே கணக்கு எழுதுவது, கடிதம் அடிப்பது, முதலாளியிடம் ஏச்சு வாங்குவது எல்லாமே நான்தான். பின்னேரம் மீன் வைத்த மாலுபாண் வேகும் வாசனை படியேறி வந்தால் கந்தோரில் யாருக்கும் வேலை ஓடாது. முதலாளிக்கும் ஓடாது. அவரே ஆளனுப்பி வாங்கித் தருவார். தின்று முடித்ததும், தின்றதற்கும் சேர்த்து ஏசுவார்.

கலைச்செல்வி எனக்கு மாமா மகள், ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அம்மாவின் அண்ணன், கலவரம் நடந்த காலத்தில் குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்குப் போனவர். அம்மா அப்போதுதான் அப்பாவைக் கட்டிக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்திருந்தாள், அதனால் நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். மாமா குடும்பம் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில் தங்கியது. கலை மதினி அந்த முகாமில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, சிவில் இன்ஜினியரிங் படித்தாள். படித்தும் என்ன? முகாம் ஆள் என்றால் பெரிய கம்பெனிகள் பயந்தன. ஒரு கட்டட மேஸ்திரியிடம் மேற்பார்வை பார்க்கிற வேலைதான் கிடைத்தது.

பிறகுதான் ஊருக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தாள். ஊர் என்று அவள் சொன்னது மாமா விட்டுப்போன எங்கள் ரப்பர்த் தோட்டத்தை. அவள் அதுவரை பார்த்தேயிராத தோட்டம் அது. புருஷன் முத்துவையும் மகள் தர்ஷினியையும் முகாமில் விட்டுவிட்டு முதலில் தனியாக வந்தாள். முகாமைவிட்டுப் போகிறோம் என்று ஒருதரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், திரும்ப அந்த முகாமில் இடம் கிடையாது. முத்து அண்ணன் கோபக்காரர் இல்லை, ஆனால் கணக்காகப் பேசுகிறவர்.

"உனக்கு ஒரு நெலையான வேல கெடைச்சா நாங்க வர்றோம். அடுத்த வகுப்பு தொறக்குறதுக்குள்ள கெடைக்கலேன்னா, புள்ளயோட படிப்பக் கெடுக்க முடியாது. நாங்க இங்கயே இருந்துர்றோம்" என்று அவர் சொன்னதை, வந்த முதல் வாரமே மதினி என்னிடம் சொல்லி அழுதாள். எனக்கு அழுகிறவர்களோடு சேர்ந்து அழ வராது. "சரி, மூக்கத் தொடைங்க. நாளைக்கு எந்தக் கம்பெனிக்குப் போறோம்னு பாப்போம்" என்றேன்.

லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்

கொழும்பில் ஒரு பெரிய கம்பெனியில் குளிரூட்டிய அறைக்குள் உட்கார வைத்து, மரியாதையாகப் பேசினார்கள். இந்தியப் பட்டம் பிரச்சினை இல்லையாம். ஆனால் லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் வேண்டுமாம். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று நான் கேட்டேன். அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறி வந்தோம்.

குருவிட்டையில் ஒருவர், அவருடைய வேலைத்தளங்கள் மாணிக்கக் குழிகளுக்குப் பக்கத்தில் இருப்பதாகவும், குழிப்பக்கம் பெண்பிள்ளை வந்தால் குழிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றும் சொன்னார். மாவனல்லையில் ஹாட்வெயார் கடையும் கட்டட வேலையும் சேர்த்து நடத்துகிற ஒரு ஹாஜியார் எங்களுக்குத் தேத்தண்ணி தந்து, பிஸ்கட் தந்து, "தங்கச்சி, உங்கட படிப்புப் பெரிசு, எங்கட வேல சின்னது. நான் உங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். மனிதர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனாலும் வேலை இல்லை.

ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் மதினி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் தெரிகிற பாலம், மதகு, அணைச்சுவர் எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே வருவாள். "பாருங்க மதினி, தண்ணி போறதுக்கு ஓட்டையே வுடல. ரெண்டு மழைக்கு மேல தாங்காது." அவளுடைய கவலை அப்படித்தான் வெளியே வரும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, ஆமா, தாங்காது" என்பேன். அந்தப் பஸ் பயணங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. வேலை இல்லாத காலத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசினோம்.

கடைசியில் வழி எங்கள் கந்தோரிலேயே திறந்தது. முதலாளியிடம் இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் திடீரென்று துபாய்க்குப் பறந்துவிட்டார். செங்கல்மலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே மண் சரியாமல் அணைச்சுவர் கட்டுகிற வேலை அப்படியே நின்றது. நான் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, எங்க மதினி இருக்காங்க. இன்ஜினியர்."

"அந்த இந்தியாப் பிள்ளையா? அதுக்குச் சிங்களமே தெரியாதே" என்றார் சிங்களத்தில். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களத்தில்தான்.

"நான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு மாசம் வைத்துப் பாருங்க. என் பொறுப்பு."

"பிழை ஏதும் வந்தால் உன்னையும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புவேன்."

"அனுப்புங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

சிமெந்து மூட்டைமேல் வகுப்பு

வேலை முடிந்ததும் சைட்டில் சிமெந்து மூட்டைமேல் உட்கார்ந்து மதினிக்குச் சிங்களம் சொல்லிக் கொடுப்பேன். மண்ணெண்ணெய் அடுப்பில் ப்ளேன்டீ கொதிக்கும். வெளியே ரப்பர்க் காட்டில் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். மணலுக்கு வெலி, சாரத்துக்குப் பலஞ்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்க்குள் முணுமுணுப்பாள்.

அவள் மணலை 'யூனிட்' என்பாள். நாங்கள் 'கியூப்' என்போம். ஒருநாள் முழுக்க இரண்டு பேரும் சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் கணக்குப் பார்த்தால், இரண்டும் ஒரே அளவுதான். நூறு கன அடி. "இதுக்கா இவ்வளவு நேரம் கத்துனீங்க?" என்று கேட்டேன். "நீங்கதான் கத்துனீங்க" என்றாள். உண்மைதான், நான்தான் கத்தினேன்.

சொற்களைவிடக் கஷ்டம் பழக்கங்கள். அங்கே மேற்பார்வைக்காரர் கொத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இதைச் செய், அதைச் செய் என்பாராம். இங்கே அப்படிச் செய்தால் பாஸ் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். "பாஸ் உன்னெஹே, இதற்கு என்ன செய்யலாம்?" என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவரே யோசித்து, நாம் நினைத்ததையே சொல்வார். நாம் "ஆ, அதுதான் சரி" என்க வேண்டும். மதினி இதை நம்பவே இல்லை. ஒருநாள் செய்து பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்து, "அய்யோ மதினி, வேல செய்யுதுங்க!" என்று குதித்தாள்.

இத்தனையும் சொல்லிக் கொடுத்த எனக்கு, போயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. பாஸுக்கும் தோன்றவில்லை; எப்படியும் கான்கிரீட் திங்கட்கிழமைதானே என்று நினைத்து வெட்டியிருப்பார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று யாராவது யாருக்காவது விளக்குவார்களா? மாதா மாதம் முழுநிலா நாளில் இந்த நாடு வேலையை நிறுத்தி, வெள்ளை உடுத்தி, விகாரைக்குப் போகும். நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

கறிக்கடையும் கான்கிரீட்டும்

ஈரப் பாவாடையோடு த்ரீவீல் பிடித்து மேக்கணக்குக்கு ஓடினேன். மதினி குழிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். லயத்தின் கடைசிக் காம்பறா வீட்டுக்கு நேர் கீழே, மண்ணைச் செங்குத்தாக வெட்டி, அடியில் கம்பி கட்டி வைத்திருந்தது. சுவரின் கால் அந்தக் குழியில்தான் எழும்ப வேண்டும்.

"போயான்னா கறிக்கடை பூட்டுவாங்க, சாராயக்கடை பூட்டுவாங்கன்னுதான் எனக்குத் தெரியும் மதினி. கான்கிரீட்டையும் பூட்டுவாங்கன்னு யாரு கண்டா? எங்க ஊர்ல பௌர்ணமின்னா மலையச் சுத்திக் கிரிவலம் போவாங்க. லீவு வுட மாட்டாங்க. காலண்டர்ல பாத்தேன், நல்ல நாள்னு போட்டிருந்துச்சு."

"எந்தக் காலண்டர்?"

"இந்தியாலருந்து கொண்டாந்தது."

எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இந்த நாட்டில் பிறந்த எந்த இன்ஜினியரும் போயாவுக்கு முந்தின நாள் குழி வெட்ட மாட்டார். வெட்டினால் அடுத்த நாள் மூட ஆள் இருக்காது. அதிலும் இது வெள்ளிக்கிழமைப் போயா. பாஸும் கையாட்களும் முந்தின நாள் பின்னேரமே கேகாலைப் பக்கம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமைதான் வருவார்கள்.

"திங்கக்கெழம வரைக்கும் படங்கு போட்டு மூடி வைக்கலாமா?" என்றேன்.

மதினி மேலே காட்டினாள். வெட்டிய மண்ணின் உச்சியில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காலையில் இல்லையாம். வானம் களனி ஆற்றுப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. எங்கள் சப்பிரகமுவ மழையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மத்தியானத்துக்கு மேல் ஊற்ற ஆரம்பித்தால், நிறுத்த மனசே வராது அதற்கு.

கடைசிக் காம்பறாவிலிருந்து ராக்கம்மா அக்கா இறங்கி வந்தாள். ரப்பர் பால் வெட்டுகிறவள். அவள் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த மலைக்குக் கேட்கும்.

"ஏம்மா இன்ஜினியரு, என் அடுப்பு அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் இருக்கு. நான் இன்னிக்குச் சோறாக்கவா, வேணாமா?"

"ஆக்க வேணாங்க அக்கா. எல்லாரும் மொதல்ல அந்தக் கோடிக் காம்பறாக்கள வுட்டு எறங்கி வந்துருங்க" என்றாள் மதினி.

நான் முதலாளிக்குப் போன் எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விகாரையிலிருந்து ஒலிபெருக்கியில் பிக்குவின் பண உபதேசம் கேட்டது. முதலாளி அங்கேதான் இருப்பார், போயா தவறாமல் சில் எடுத்து விரதம் இருக்கிறவர். விகாரைக்குக் கொடை கொடுப்பவர்களில் முதல் தாயகர் அவர். அவருடைய கலவை மிஷின் போயா நாளில் பணச் சத்தத்துக்கு மேலே கடகடவென்று ஓடினால், ஊர் முழுக்க அவர் பெயர் நாறும். அவரைக் கேட்காமல் செய்தால் மதினியின் ஒரு மாதச் சோதனை அன்றோடு முடிந்தது. செய்யாமல் விட்டால் லயம் இருக்குமோ இருக்காதோ.

வெள்ளை உடுப்பில் முதலாளி

நான் விகாரைக்கு ஓடினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபிறகுதான் பார்த்தேன், நான் சிவப்புப் பூப் போட்ட சட்டையோடு நிற்கிறேன். அரசமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் தலை முதல் கால் வரை வெள்ளை. முதலாளி கண்ணை மூடியிருந்தார். கந்தோரில் மேசையைத் தட்டிக் கத்துகிற மனிதரை அப்படிப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

பக்கத்தில் குந்தி, "முதலாளி" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"குழி திறந்து கிடக்கு. மேக்கணக்கில். மேலே வெடிப்பு விட்டிருக்கு."

"போயாவுக்கு முந்தின நாள் எந்த மடையன் குழி வெட்டச் சொன்னான்?" என்றார். சொன்னதும் தான் சில் எடுத்திருப்பது ஞாபகம் வந்து, தாதுகோபத் தூபியைப் பார்த்து அவசரமாகக் கைகூப்பினார்.

"எங்க மதினி. அவங்களுக்குப் போயா லீவு என்று தெரியாது."

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"இன்றைக்கு நான் சில். எனக்கு இன்றைக்குச் சைட்டும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. என்னிடம் கேட்காதே."

"அப்ப யாரிடம் கேட்க?"

"இன்ஜினியரிடம் கேள். அதற்குத்தானே இன்ஜினியர்?"

அதுவரை அவர் மதினியை 'இந்தியாப் பிள்ளை' என்றுதான் சொல்வார். நான் எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "மிஷினைப் போட்டுவிடாதே."

சத்தமில்லாத வேலை

நான் சொன்னதைக் கேட்டு மதினி குழியை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "போட்டுருவோம். கையால கலப்போம்" என்றாள்.

"ஆளு?"

ராக்கம்மா அக்காதான் பதில் சொன்னாள். "எங்களுக்கும் லீவுதான். ஆனா இடிஞ்சா எங்க வூடுதானே இடியும்? சட்டியக் குடு."

லயத்து ஆம்பளைகள் சவலோடு வந்தார்கள், பொம்பளைகள் தாச்சிச் சட்டிகளோடு வந்தார்கள். தகரத்தை விரித்து, மணலும் கல்லும் சிமெந்தும் கொட்டிப் புரட்டினார்கள். மிஷின் இல்லாமல் கலக்கும்போது சிமெந்து கொஞ்சம் கூடப் போட வேண்டும் என்று மதினி நின்று பார்த்துப் போட வைத்தாள். குழிக்குள் ஒருத்தரும் இறங்கக் கூடாது, வெளிப்பக்கத்திலிருந்துதான் ஊற்ற வேண்டும் என்றாள். அவள் மட்டும் அந்த வெடிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள்.

அன்றைக்கு நடந்த வேலையில் எனக்கு இன்றுவரை மறக்காதது அந்த அமைதிதான். கான்கிரீட் போடுகிற இடத்தில் எப்போதும் கூச்சலாக இருக்கும். அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தாச்சி கை மாறி, கை மாறிப் போனது. சவல் தகரத்தில் உரசாமல் அள்ளினார்கள். ராக்கம்மா அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தாச்சி தூக்கினாள், எங்கே பேசிவிடுவோமோ என்ற பயத்தில். அவளைப் பார்த்து மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் சிரித்ததில் இரண்டு பேருக்குத் தாச்சியே சரிந்தது.

"சிரிக்காதீங்கடி, கைய வுட்ருவேன்" என்று அக்கா முந்தானைக்குள்ளிருந்து சொன்னது அந்தக் கோடி வரை கேட்டது.

பெரிய தூறல் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் குழி நிரம்பியது. எல்லாரும் சேர்ந்து படங்கை இழுத்துக் கட்டி, மேலே தண்ணீர் திரும்பிப் போக வாய்க்கால் வெட்டினோம். மழை வந்தது. வந்தது என்றால் அப்படி வந்தது. கோடிக் காம்பறாக்காரர்களோடு நாங்களும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்தில் உட்கார்ந்திருந்தோம். உச்சியிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து படங்கின்மேல் விழுந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மதினி ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து எழுந்து வாசலுக்குப் போனாள். நான் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் கை சிமெந்து பட்டு வெந்து போயிருந்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.

"வேல போயிருச்சுன்னா மன்னிச்சுக்குங்க மதினி. உங்க வேலையும் சேந்து போயிரும்" என்றாள்.

"போனா போகுது. பேக்கரில மாலுபாண் விக்கப் போவோம்" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

திங்கட்கிழமை

முதலாளி விடியக்காலையிலேயே சைட்டுக்கு வந்துவிட்டார். பாஸும் கையாட்களும் வந்து, நாங்கள் போட்டு வைத்திருந்ததைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் மதினியும் பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி ஒரு ஓரமாக நின்றோம்.

அவர் வாய் திறப்பதற்கு முன்னால் மதினி முன்னால் போனாள். சிமெந்து மூட்டைமேல் படித்த சிங்களத்தில், வார்த்தை வார்த்தையாக, "முதலாளி, என் பிழை. எனக்குத் தெரியாது. இனித் தெரியும்" என்றாள்.

அவர் இரும்பு அலவாங்கை வாங்கிக் கான்கிரீட்டில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். இன்னொரு இடத்தில் குத்தினார். நிமிர்ந்து உச்சியிலிருந்த வெடிப்பைப் பார்த்தார். கடைசிக் காம்பறாவிலிருந்து ராக்கம்மா அக்காவின் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

"சிமெந்து கூடப் போட்டிருக்கிறாய்" என்றார்.

"கையால் கலந்தோம். அதனால்" என்றாள் மதினி.

"என் சிமெந்தை அள்ளிக் கொட்டியிருக்கிறாய்! இந்த நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் தெரியும் போயா என்றால் என்ன என்று. சில் எடுத்திருந்தவனை மடையன் என்று சொல்ல வைத்து, என் சில்லையும் கெடுத்தீர்கள் இரண்டு பேரும்!" மூச்சு விடாமல் ஏசினார். மதினிக்குப் பாதி விளங்கவில்லை. நல்லவேளை விளங்கவில்லை.

ஏசி முடித்துவிட்டு பாஸின் பக்கம் திரும்பினார். "பாஸ் உன்னெஹே, இனிமேல் எங்கே வெட்டுவதென்றாலும் இன்ஜினியர் நோனாவைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்." நோனா என்றால் அம்மணி. பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்? கந்தோருக்குப் போய் இவளுக்கு வேலைக் கடிதம் அடி. நிரந்தரம் என்று போடு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மதினி என் முகத்தைப் பார்த்தாள். "என்ன சொல்றாரு?"

நான் சொன்னேன். அவள் அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகிறவர்களோடு சேர்ந்து அழ வராது என்று சொன்னேனே, அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முகாம்களிலிருந்து படித்துவிட்டு வந்த இன்னும் சிலர் எங்கள் கந்தோர்ப் படியேறினார்கள். சிவில் படித்தவர்களும் உண்டு, மின்சாரம் படித்தவர்களும் உண்டு. எங்கள் முதலாளியிடம் இடமில்லாவிட்டால் வேறு முதலாளிமாரிடம் நானும் மதினியும் கூட்டிக்கொண்டு போனோம். பட்டம், சான்றிதழ் எல்லாம் பிறகுதான். வந்தவுடன் முதல் பாடம் போயா. மதினிதான் எடுப்பாள், முகத்தைப் பெரிய வாத்தியார் மாதிரி வைத்துக்கொண்டு.

தர்ஷினி கேட்ட கேள்வி

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் கந்தோரிலிருந்தே முகாமுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். முத்து அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "சரி, நான் போய் எழுதிக் குடுத்துர்றேன்" என்றார். தர்ஷினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். எட்டு வயசு. முன்பல் ஒன்று இல்லை.

"அம்மா, அங்க செக்கிங் என்னிக்கும்மா?"

எனக்கு விளங்கவில்லை. கலை மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள். முகாமில் குறித்த நாட்களில் அதிகாரிகள் வந்து ஆட்களைச் சரிபார்ப்பார்களாம். அன்றைக்கு எங்கேயிருந்தாலும் வந்து, வீட்டு முன்னால் நின்று, பெயர் வாசித்ததும் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டுமாம். கல்லூரியில் பரீட்சை நடக்கும்போதுகூட ஓடி வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறாளாம் மதினி. பிறந்ததிலிருந்து பழகிப்போனதால், இத்தனை மாதத்தில் இதை என்னிடம் ஒருதரமும் அவள் சொன்னதில்லை.

நான் போனை வாங்கினேன். "இங்க செக்கிங் எல்லாம் இல்ல தங்கம்."

பிள்ளைக்கு அது நல்ல செய்தியாகவே படவில்லை. முகம் சின்னதாகப் போனது. "அப்ப நாங்க வந்துட்டோம்னு யாருகிட்ட சொல்றது?"

"எங்கிட்ட வந்து சொல்லு. போதும்" என்றேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர்களைக் கூப்பிடப் போன நாளில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் மதினியும் நின்றோம். முத்து அண்ணன் தள்ளுவண்டியோடு வந்தார். தர்ஷினி கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். மதினி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை அவளைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்றது.

"அத்தை, தர்ஷினி. இருக்கேன்."

"சரி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் ஓடினாள்.